மதர்போர்டு மாற்றியவனும் மலைமேல் இருந்த மச்சானும்

கள்ளக்குறிச்சியில் பிளெக்ஸ் கடை வைத்திருந்த வீரமணிக்கு உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை: முட்டாள்கள் ஒரு வகை, அவன் மச்சான் கவியரசன் இன்னொரு வகை.

அவனுடைய பழைய கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, பஸ் ஏறித் தியாகதுருகம் போய், கோட்டையைப் பார்த்து, பஜ்ஜி தின்று திரும்பினால் படம் மூக்கு வரைக்கும் வந்திருக்கும். மீசைக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். அதனால் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சுபைர் பாயைக் கூப்பிட்டு மதர்போர்டு, பிராசசர் எல்லாவற்றையும் மாற்றினான். இப்போது மவுஸைத் தொட நினைக்கும்போதே படம் திறந்தது. ஆனால் திரையின் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று சாம்பல் நிற எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது.

“கெடக்குது பிச்சக்கார எழுத்து” என்றான் வீரமணி.

படத்தை முறையாகச் சேமிப்பது வேலையற்றவர்கள் செய்வது என்பது அவன் கொள்கை. திரையை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சுக்கு அனுப்பிவிடுவான். ஆகவே, உள்ளாட்சித் தேர்தலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த தீனதயாளன் தன் பேத்தியின் காதுகுத்துக்கு அடிக்கச் சொன்ன பேனரில், அவருடைய வெள்ளை வேட்டியின் மேல் முழ நீளத்துக்கு அந்த எழுத்து விழுந்தது.

பேனரைச் சுருட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

“இன்னாய்யா இது? ஆக்டிவேட்டுன்னா உசுரு குடுன்னு அர்த்தமாமே. இன்னும் உசுரு வராதவன்னு என் வேட்டியிலயே எழுதிட்ட! எதிர்க்கட்சிக்காரன் போட்டோ புடிச்சி அனுப்பிக்கினு இருக்கான். நாளைக்குக் காதுகுத்து. சாயங்காலத்துக்குள்ள நல்ல பேனர் வரல, எலெக்‌ஷன் வேல பூரா எதிர்க்கடைக்குத்தான்.”

எதிர்க்கடைக்காரன் அடிக்கும் கல்யாண பேனரில் மாப்பிள்ளை எது, மாடு எது என்று பெண் வீட்டாரே தடுமாறுவார்கள். அவனிடம் தோற்பதைவிடக் கடையைக் கொளுத்தலாம்.

“ஒழுங்கா சேவ் பண்ணி அனுப்பினாலே எழுத்து வராதுண்ணே” என்றார், மறுபடியும் கூப்பிட்டதும் வந்த சுபைர்.

“எனக்கே தொழில் சொல்லித் தர்றியா பாய்? எழுத்த எடு.”

“விண்டோஸுக்குப் பழைய போர்டதான் தெரியும். ‘பாகம் மாத்தினேன்’னு சொன்னா வுட்டுடும். சொல்றதுக்கு, லைசென்ஸ் சேத்த அக்கவுண்டுக்குள்ள போவணும். அது கவியரசன் பேர்ல இருக்குது. ஓடிபி நம்பர் அவரு போனுக்குத்தான் போவும்.”

கம்ப்யூட்டர் வாங்கிய நாளில் தன் அக்கவுண்டைப் போட்டு அதை முடுக்கிக் கொடுத்தவன் மச்சான்தான். அதற்குப் பிறகு மகளின் மஞ்சள் நீராட்டு பேனரில் தாய்மாமன் படத்தை மட்டும் விட்டுவிட்டான் வீரமணி. இடமில்லை என்றான். அதே பேனரில் இரண்டு புலியும் ஒரு நீர்வீழ்ச்சியும் இருந்தன. சீர்த்தட்டோடு வந்த கவியரசன் அப்படியே கல்வராயன் மலை ஏறிவிட்டான். வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி போட்டுவிட்டு, சிக்னல் கிடைக்கும் ஒரே பாறைமேல் பொழுதெல்லாம் உட்கார்ந்திருந்தான். அவன் உட்கார்ந்த பிறகு சிக்னலுக்கே இடம் போதவில்லை என்று மலைக்காரர்கள் குறைப்பட்டார்கள்.

வீரமணியின் மனைவி ராதிகா தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“டேய் கவி, மாமாவுக்கு ஒரு நம்பர் வோணுமாம்.”

“எந்த மாமா? புலிக்கு எடம் குடுத்தாரே, அவரா?”

“அவன் மூஞ்சியப் போட்டா மிஷினு மை வாந்தி எடுக்கும்னு சொல்லு” என்றான் வீரமணி.

“கேட்டுச்சி மாமா. நம்பர் வோணும்னா அந்தத் தீனதயாளன் பேனர்லயே நான் வரணும். கூலிங் கிளாஸோட. தபால் தல சைஸ்ல போட்டா பாறைய வுட்டு எறங்கிடுவேன், நம்பர் வராது.”

“போடுங்க. உங்க மூஞ்சியவே தாங்கிக்கினு இருக்கற மிஷினுதான” என்றாள் ராதிகா.

வீரமணி பல்லைக் கடித்த சத்தம் சின்னசேலம் ஸ்டேஷன்வரை கேட்டதாம். ஆனாலும் தலையாட்டினான். நம்பர் வந்தது. சுபைர் அக்கவுண்டுக்குள் போய், பாகம் மாற்றியதைச் சொன்னார். எழுத்து மறைந்தது. வீரமணி மறுபடியும் ஸ்கிரீன்ஷாட்தான் எடுத்தான்.

சாயங்காலம் தீனதயாளன் பேனரை விரித்தார். பேத்திக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு ஒருவன் சிரித்தான்.

“யாருய்யா இவன்?”

“கம்ப்யூட்டருக்குத் தாய்மாமன்.”

“எந்த ஊரு?”

“வெள்ளிமல.”

“அங்க எத்தினி ஓட்டு வெச்சிருக்கான்?”

அவன் பேச்சை அவன் ஆடுகூடக் கேட்காது என்று சொல்ல வீரமணி வாயைத் திறந்தான். ராதிகா முந்திக்கொண்டாள்: “மலையில போன் பேசறவங்க எல்லாரும் அவனக் கேட்டுதாங்க பேசணும்.”

தீனதயாளன் கறுப்புக் கண்ணாடியை மரியாதையோடு பார்த்தார். “எலெக்‌ஷன் வேல உனக்குத்தான்யா. மலைக்கு மட்டும் நாப்பது பேனர் போடு. தம்பி படம் பெருசா. என்னைய ஓரமா வெய்யி.”

வீரமணி மிஷினை ஓடவிட்டு, அதிலிருந்து பேனர் பேனராக இறங்கிக்கொண்டிருந்த மச்சானுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். ஒவ்வொன்றாக எடுத்து, மடிக்காமல் சுருட்டி வைத்தவள் ராதிகாதான். மடித்தால் தம்பி முகம் கசங்கிவிடுமாம்.