கடைசி வண்டி தாண்டும் வரை

அமீரக மலைப்பகுதியில், மஸாஃபி ரவுண்டானாவின் ஓரத்தில் வண்டியை நிறுத்தியதும் அஸீம் பின்னால் வரவேண்டிய வண்டிகளை விரல் விட்டு எண்ணினான். முன்னால் போனது விஜயபாஸ்கரின் மஞ்சள் வண்டி. இரண்டாவது அவனுடையது. ஆக, இனி வரவேண்டியவை ஏழு.

"மறுபடியும் எண்றீங்களா?" பக்கத்து இருக்கையிலிருந்து மனைவி ருமைஸா கேட்டாள்.

"ஏழு."

"அஜ்மான்ல கிளம்பறப்பவும் ஏழுதான். தாய்து தாண்டியும் ஏழுதான். நடுவுல குட்டி போடாது மச்சான்."

அவன் இறங்கினான். ருமைஸாவின் பழைய ஆரஞ்சு துப்பட்டாவை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் திப்பாவுக்குப் போகும் சாலையைக் காட்டியபடி நின்றான்.

இது அவர்களின் கிட் கார் கிளப்பின் வழக்கம். கிட் கார் என்பது பெட்டிகளில் பாகங்களாக வந்து இறங்கும் வண்டி. வாங்கியவரே பூட்டி ஓட்ட வேண்டும். கூரை கிடையாது, உயரம் இடுப்பளவுதான். வெயிலில் போன் திரை தெரியாது, இன்ஜின் சத்தத்தில் அது பேசுவதும் கேட்காது. அதனால் கூட்டமாகப் போகும்போது ஒவ்வொரு திருப்பத்திலும், தலைவண்டிக்கு அடுத்து வருபவர் நின்று வழி காட்டுவார். எல்லோரும் தாண்டிப் போன பிறகு கடைசி வண்டி வந்து ஹார்ன் அடிக்கும். அப்போதுதான் அவர் கிளம்பி அதற்கு முன்னால் சேர்ந்துகொள்ள வேண்டும். அதுவரை எது நடந்தாலும் நகரக் கூடாது.

போன மாதம் அஸீம் நகர்ந்துவிட்டான். ஹத்தா போகும் வழியில் பச்சை நிறத்தில் தாழ்வான வண்டி ஒன்று விர்ரென்று தாண்டியது. கடைசி வண்டியை ஓட்டிய பல் டாக்டர் சங்கீதாவின் வண்டியும் பச்சை. அவர்தான் என்று எண்ணிக் கிளம்பிவிட்டான். அது யாரோ ஒரு பையனின் ஸ்போர்ட்ஸ் கார். பின்னால் வந்த இரண்டு பேர் திருப்பத்தில் ஆளைக் காணாமல் நேரே போய் ஓமான் எல்லைச் சாவடியில் நின்றார்கள். அன்றிலிருந்து கிளப்பில் அவன் பெயர் ஓமான் அஸீம்.

பெயர் வைத்ததுகூடப் பரவாயில்லை. அடுத்த வாரம் டிராக் டே. உம்முல் குவைன் பக்கம் உள்ள கார் பந்தயத் தடத்தை ஒரு காலைப் பொழுதுக்குக் கிளப் எடுத்திருந்தது. இரண்டு குளிர்காலம் அஜ்மானில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, ருமைஸா வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, அவன் வண்டியின் பாகங்களை ஒவ்வொன்றாகப் பூட்டியது அந்த ஒரு காலைக்காகத்தான். ஆனால் யார் யாரைத் தடத்தில் இறக்குவது என்று முடிவு செய்கிறவர் கிளப் தலைவர் விஜயபாஸ்கர்.

காலையில் பெட்ரோல் பங்கில் அவர் மதுரைக்காரருக்கே உரிய முறையில் நேராகவே சொல்லிவிட்டார்: "இங்க பாரு தம்பி, டிராக்குல முன்னாடி போறவன் கையக் காட்டினாத்தான் பின்னாடி வர்றவன் முந்துவான். உன் கைய நம்பி ஒருத்தன் ஏறி வரணும். இன்னைக்கு எப்படி நிக்கிறேன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

இப்போது அவன் நின்றுகொண்டிருந்தான்.

முதலில் மூன்று வண்டிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. பிறகு இரண்டு. பிறகு ஒன்று, தனியாக. ஒவ்வொருவரும் கையசைத்துத் திப்பா பக்கம் திரும்பினார்கள். ஆறு. இனி சங்கீதாவின் பச்சை வண்டி மட்டும்தான்.

ருமைஸா தேநீர் வாங்க எதிரே இருந்த பக்காலா என்னும் சிறு மளிகைக் கடைக்குள் போனாள். கல் குவாரி லாரிகள் வரிசையாக ரவுண்டானாவைச் சுற்றின. புழுதியும் இரைச்சலுமாக இருந்தது. இன்ஜின் மூடியின் தோல்வார் ஒன்று அவிழ்ந்து தொங்குவதை அஸீம் அப்போதுதான் கண்டான். குனிந்து அதை மாட்டினான். நிமிர்ந்தபோது கடைசி லாரி ஃபுஜைரா சாலையில் போய்க்கொண்டிருந்தது. ருமைஸா இரண்டு கப் கரக் தேநீருடன் வந்தாள். குடித்து முடித்தார்கள். கப்பின் அடியில் மிஞ்சியதும் ஆறிவிட்டது. பச்சை வண்டி வரவில்லை.

போன் அடித்தது. விஜயபாஸ்கர்.

"தம்பி, எங்க இருக்க? நாங்க இங்க திப்பாவுல உக்காந்து பரோட்டா ஆர்டர் பண்ணியாச்சு."

"ரவுண்டானாலதான் இருக்கேன் அண்ணே. டாக்டர் இன்னும் வரல."

"இன்னுமா? அவங்க போன் போகல." அந்தப் பக்கம் தட்டுகளின் ஓசை கேட்டது. "லாரி ஏதும் போச்சா?"

"போச்சு. நெறைய."

"அப்பச் சரி. லாரிக்கு அந்தப் பக்கமா போயிருப்பாங்க. நீயும் பாத்திருக்க மாட்ட, அவங்களும் உன்னப் பாத்திருக்க மாட்டாங்க. நேரா ஃபுஜைரா போயிருப்பாங்க. சிக்னல் கெடைச்சா அவங்களே கூப்பிடுவாங்க. நீ வா."

"வரட்டுமா?"

"வாய்யா. இன்னைக்கு நல்லாத்தான் நின்ன. டிராக் டேக்கு உன் பேரச் சேத்துட்டேன். வந்து சாப்பிடு."

போனை வைத்த பிறகும் அஸீம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் கேட்காமலே கிடைத்துவிட்டது. வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்ப வேண்டியதுதான்.

"என்னவாம்?" என்றாள் ருமைஸா.

சொன்னான்.

"நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டான்.

"நான் கடைக்குள்ள இருந்தேன். வெளிய நின்னது நீங்க."

"நான் அவங்களப் பாக்கல."

"அவங்க வராததுனால பாக்கலையா, வந்தும் பாக்கலையா?"

அதுதான் அவனுக்குத் தெரியவில்லை. தோல்வாரை மாட்டக் குனிந்தது எவ்வளவு நேரம்? ஒரு மூச்சு நேரம் என்று தோன்றியது. ஆனால் போன மாதமும் அவனுக்கு ஒன்று தோன்றத்தான் செய்தது, அது தப்பாகிப் போனது. பச்சை வண்டி லாரிச் சக்கரத்தின் உயரம்கூட இல்லை. மறுபக்கம் போனால் தெரியாது. அந்த இரைச்சலில் அதன் சத்தமும் தனியாகக் கேட்டிருக்காது. விஜயபாஸ்கர் சொல்வது நடக்கக்கூடியதுதான்.

திரும்பிப் போய்த் தேடலாம். டாக்டர் ஃபுஜைராவில் இருந்தால், தலைவர் வா என்று கூப்பிட்ட பிறகும் எதிர்த்திசையில் ஓடியவன் என்று இன்னொரு பெயர் வரும். சேர்த்த பெயரை எடுத்துவிடுவார்கள். மாறாக, டாக்டர் பின்னால்தான் எங்கேயோ நிற்கிறார் என்றால், மலைப்பாதையில் சிக்னல் இல்லாத இடத்தில் தனியாக நிற்கிறார்.

அவன் ரவுண்டானாவை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். தன் பக்கத்தை விட்டுவிட்டு டாக்டரின் பக்கத்திலிருந்து யோசித்தான். கடைசி வண்டியை ஓட்டுகிறவருக்கு ஒரே வேலை, நிற்கிற ஆளைக் கண்டுபிடித்து ஹார்ன் அடிப்பது. லாரி அவனுக்கு அவரை மறைத்திருக்கலாம். ஆனால் அவர் ஆரஞ்சுத் துணியைத் தேடிக்கொண்டே வருவார். காணாவிட்டால் ரவுண்டானாவை இன்னொரு சுற்றுச் சுற்றுவார், இரண்டு சுற்றுச் சுற்றுவார். ஆளைக் காணாமல் நேரே போகிற ஆள் இல்லை. போன மாதம் ஓமான் எல்லைவரை போய் அந்த இருவரையும் கூட்டி வந்தவரே அவர்தான்.

தன் கண்ணை நம்ப முடியாவிட்டாலும் அவர் கண்ணை நம்பலாம்.

"அவங்க தாண்டல," என்றான்.

"அப்பப் போங்க."

"போனா இங்க யாரு நிக்கறது? நான் அங்க போய், அவங்க வேற வழியா இங்க வந்துட்டா?"

ருமைஸா காலி கப்பை அவன் கையில் கொடுத்துவிட்டுத் துப்பட்டாவை வாங்கிக்கொண்டாள். "ஆள் நிக்கணும்னுதானே சட்டம்? வண்டி நிக்கணும்னு இல்லையே. இறங்கி நிக்கறதுக்கு எனக்கு லைசென்ஸ் வேணுமா?"

"வெயிலா இருக்கு."

"ஜனவரி வெயிலுக்கு உருகிட மாட்டேன். யல்லா, போங்க மச்சான்."

அவன் ரவுண்டானாவைச் சுற்றி வந்த வழியே திரும்பினான். கண்ணாடியில் ஆரஞ்சு நிறம் சிறிது நேரம் தெரிந்தது. பிறகு மலை மறைத்தது. ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து இரண்டு ஓரத்தையும் பார்த்தான். ஒரு வளைவில் ஆடுகள். ஒரு வளைவில் உடைந்த டயர். அடுத்ததிலும் ஒன்றும் இல்லாதபோது, திப்பாவில் எல்லோரும் சிரிக்கிற சிரிப்பு அவனுக்கு இப்போதே கேட்டது. இன்னும் ஒரு வளைவு பார்க்கலாம் என்று போனான்.

அங்கே பச்சை வண்டி சாலையை விட்டு இறங்கி நின்றது. டாக்டர் சங்கீதா பாலத்தின் சிறு சுவர்மேல் உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க, ஓமான் தூதரே," என்றார்.

"என்ன ஆச்சு டாக்டர்?"

"ஆக்ஸிலேட்டர் கேபிள் அறுந்து போச்சுங்க. இன்ஜின் ஓடுது, மிதிச்சா ஒண்ணுமில்ல. பல்லு இருக்கு, நரம்பு செத்துப் போச்சு."

"ஸ்க்ரூ டிரைவர் இருந்தா ஐடில் ஸ்க்ரூவ ஏத்தி விட்டுட்டு, மிதிக்காமலே மெதுவா உருட்டிட்டு வந்திருக்கலாமே?"

"தெரியுமுங்க. டூல் பை இருந்தாத்தானே? கண்ணாடி ஆடுதுன்னு தாய்துல உங்க தலைவர் வாங்கினாரு. திருப்பிக் குடுக்கோணும்னு அவருக்கும் தோணல, கேக்கோணும்னு எனக்கும் தோணல."

அஸீம் தன் இருக்கைக்கு அடியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். அவர் பழத்தில் பாதியை அவனுக்குக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு மூடியைத் திறந்தார். திருகத் திருக இன்ஜின் உறுமல் ஏறியது.

"நடந்து வரலாம்னு நினைக்கலையா?" என்று கேட்டான்.

"நினைச்சனுங்க. அப்பறம், திருப்பத்துல நிக்கிறது நீங்கன்னு ஞாபகம் வந்துச்சு. ஆள் வரலைன்னா தேடிட்டு வருவீங்கன்னு உக்காந்துட்டேன்."

"போன மாசம் நான் விட்டுட்டுக் கிளம்பினவன்."

"அதனாலதானுங்க. இந்த மாசம் நீங்க கிளம்புவீங்களா?"

அவன் முன்னால் போனான். அவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் கிளட்சையும் கியரையும் மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் ஊர்ந்து வந்தார். ஏற்றத்தில் வண்டி முனகியது, இறக்கத்தில் பிரேக்கை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. பின்னால் ஒட்டி வந்த லாரிக்காரர்களுக்கு அஸீம் கையைக் காட்டிக் காட்டி வழி விட்டான்.

ரவுண்டானாவில் மஞ்சள் வண்டி நின்றது. விஜயபாஸ்கர் திப்பாவிலிருந்து திரும்பி வந்திருந்தார். பக்காலாவின் நிழலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ருமைஸா நிழலுக்கு வரவில்லை. போக்குவரத்துப் போலீஸைப் போலத் துப்பட்டாவை நீட்டிக்கொண்டு, அவன் விட்ட இடத்திலேயே நின்றாள்.

"உன் வீட்டம்மா வண்டில ஏற மாட்டேங்குதுப்பா," என்றார் விஜயபாஸ்கர். "நிழலுக்காச்சும் வாம்மான்னா, கடைசி வண்டி தாண்டலையேங்குது."

சங்கீதா ஹார்னை அடித்தார். ருமைஸா துப்பட்டாவை நாலாக மடித்தாள். பிறகுதான் அஸீம் பக்கத்தில் வந்து ஏறி உட்கார்ந்தாள். அவள் மூக்கு சிவந்திருந்தது.

சங்கீதா இன்ஜினை அணைக்காமலே விஜயபாஸ்கரைப் பார்த்தார். "டூல் பை எங்கீங்க?"

விஜயபாஸ்கர் தன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். கால் வைக்கும் இடத்தில் நீலப் பை கிடந்தது. எடுத்துச் சங்கீதாவின் மடியில் வைத்தார். பிறகு தேநீரைக் குடித்து முடித்தார்.

"அண்ணே, மச்சான் பேரச் சேத்துட்டீங்களாமே," என்றாள் ருமைஸா.

"சேத்தாச்சும்மா."

"இவங்க உங்க பேச்சக் கேட்டு வந்துருவாங்கன்னு சேத்ததா, இல்ல நின்னதுக்குச் சேத்ததா?"

விஜயபாஸ்கர் கப்பைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். "முதல்ல சேத்தது வந்துருவான்னுதான்," என்றார். "அத அடிச்சுட்டேன்னு வச்சுக்க. இப்பப் புதுசா சேத்துருக்கேன். வாங்க, பரோட்டா ஆறுது."

அடுத்த சனிக்கிழமை அஸீம் தடத்தில் இறங்கினான். முதல் சுற்றில் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறுகிப் போயிருந்தன. இரண்டாவது சுற்றில் வண்டி எங்கே வழுக்கும், எங்கே பிடிக்கும் என்று கொஞ்சம் தெரிந்தது. மூன்றாவதில் நீண்ட வளைவிலிருந்து வெளியே வந்து முழுதாக மிதித்தபோது, தன்னை அறியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பூட்டிய ஒவ்வொரு போல்டும் அந்தந்த இடத்திலேயே இருந்தது.

நேர்ச்சாலை தொடங்கும் இடத்தில் கண்ணாடியில் பச்சை தெரிந்தது. புதுக் கேபிளுடன் டாக்டர், அவனைவிட வேகமாக வந்துகொண்டிருந்தார். அவன் முன்னால் பார்த்தான். சாலை காலி. கண்ணாடியைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் யாருமில்லை. வழக்கம்போல இன்னொரு முறை முன்னால் பார்த்தான். பிறகு கையை உயர்த்தி வலப்பக்கம் காட்டினான்.

பச்சை வண்டி கொஞ்சமும் வேகத்தைக் குறைக்காமல் அவனைத் தாண்டிப் போயிற்று.