பெரியவரின் சீழ்க்கை

மூன்றாவது வரிசையில், இடமிருந்து நான்காவது ஆளாகப் பதினோரு வருடம் நின்று பாடியதால் சேர்ந்திசைக் குழுவில் அவருக்கு 'நாலாமவர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நொடி திரும்பி யாரையோ தேடுவார். இந்த வருடம் தனிப்பாட்டுக்கான இடம் காலியாகியிருந்தது. அவருக்கு நாற்பத்தாறு வயது. இதை விட்டால் அடுத்தது எப்போது காலியாகுமோ, அதற்குள் தொண்டை என்ன ஆகுமோ.

பாட்டு கடலுக்கு அப்பாலுள்ள ஒரு நாட்டின் மொழியில் இருந்தது. குழுவில் ஒருவருக்கும் அந்த மொழி தெரியாது. அதனால் உச்சரிப்பில் கண்டிப்பு அதிகம். அதற்கென்றே ஓர் ஆசிரியர் இருந்தார். அவரும் அந்த நாட்டுக்குப் போனதில்லை. போனால் காது கெட்டுவிடும் என்பார். அவருக்கு ஆதாரம் ஒரே ஒரு பழைய இசைத்தட்டு, குழுவை நிறுவிய பெரியவர் பாடியது. அதில் சொல்லின் முடிவில் வரும் 'ஸ்' ஒவ்வொன்றும், கதவிடுக்கில் நுழையும் காற்றைப் போல, மெல்லிய சீழ்க்கையோடு வரும். அதுதான் அந்த மொழியின் உயிர் என்று மூன்று தலைமுறைப் பாடகர்கள் கற்றிருந்தார்கள். பெரியவர் இளமையில் பாடிய பதிவும் ஒன்று உண்டு. அதில் சீழ்க்கை கிடையாது. அப்போது அவருக்கு உச்சரிப்பு கைவரவில்லை என்று ஆசிரியர் விளக்குவார்.

ஒரு மாதமாகக் கீழ்த்தாடையை முன்னால் தள்ளித் தள்ளிப் பயிற்சி செய்ததில், தனிப்பாட்டுத் தேர்வுக்கு முந்தின நாள் நாலாமவரின் கன்னம் வீங்கிவிட்டது.

"கேஸ் கசியுதான்னு மாடி வீட்டுக்காரங்க ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க," என்றாள் மனைவி. "போய் டாக்டரப் பாருங்க."

பல் டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. நாற்காலியைச் சாய்த்து, விளக்கை இழுத்து, எப்படி வந்தது என்று விசாரித்தார். பாட்டுப் பயிற்சியில் வந்தது என்றார் நாலாமவர். எந்தப் பாட்டு என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் டாக்டரின் கை அப்படியே நின்றது.

"அது எங்க நாட்டுப் பாட்டாச்சே. நான் பொறந்து வளந்தது அங்கதான். ரெண்டு வரி பாடுங்க."

நாலாமவர் மல்லாந்து படுத்தபடியே, வீங்கிய கன்னத்தோடு, முழு மரியாதையுடன் பாடினார். டாக்டர் முகமூடியைக் கழற்றினார்.

"யாரு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

நாலாமவர் கைபேசியில் பெரியவரின் பாட்டை ஓடவிட்டார். டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார்.

"கீழ் செட்டு," என்றார்.

"என்ன டாக்டர்?"

"கட்டின பல். கீழ் வரிசை முழுக்க. அளவு சரியா எடுக்கல, வலது பக்கம் தூக்குது. 'ஸ்' வர்றப்பல்லாம் காத்து அந்த வழியாப் போகுது. பாடுறப்ப இவருக்கு என்ன வயசு?"

"எழுபத்திரண்டு."

"பாவம். ஈறு புண்ணாயிருக்கும்."

பல்லுக்கு மருந்து வைத்த கையோடு அவருடைய நாக்கையும் இடம் மாற்றி வைத்தார் டாக்டர். நாலைந்து தடவையில் சரியாக வந்தது. தாடையைத் தள்ள வேண்டியிருக்கவில்லை. ஒருவர் ஜன்னலுக்குக் கீழே நின்று இன்னொருவரிடம் ஏதோ கேட்பதைப் போலப் பாட்டு தானாகப் போனது. வீடு திரும்பும்போது பேருந்தில் அதை முணுமுணுத்துக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டார்.

மறுநாள் தேர்வில் அப்படியே பாடினார். பாடி முடித்ததும் உச்சரிப்பு ஆசிரியர் பேனாவை மூடினார்.

"குரல் நல்லாத்தான் இருக்கு. உச்சரிப்புல ஏன் இப்படிக் கோட்டை விட்டீங்க?"

"அந்த நாட்டுக்காரங்க ஒருத்தங்ககிட்டயே கேட்டுட்டு வந்தேன் சார்."

"அதானே பாத்தேன்," என்றார் ஆசிரியர். "தெருவுல அவங்க எப்படி வேணா பேசிக்கட்டும். பாட்டுக்குச் சுத்தம் வேணும். அவங்களே கைவிட்டுட்டாங்க, நாமதான் கட்டிக் காப்பாத்திட்டிருக்கோம்."

ஆசிரியரின் தலைக்கு மேலே பெரியவரின் படம் மாட்டியிருந்தது. அதில் அவர் உதடுகளை இறுக மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதை ஞானச் சிரிப்பு என்று சொல்வார்கள்.

"சார், பெரியவருக்குப் பல்லு..."

"பெரியவருக்கு என்ன?"

பியானோக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சார்."

"பதினோரு வருஷம் இருந்திருக்கீங்க. அதுக்காக இன்னொரு தடவை தரேன். ஒழுங்காப் பாடுங்க."

நாலாமவருக்கு மூன்றாவது வரிசை ஞாபகம் வந்தது. பதினோரு வருடமாக எதிரே பார்த்துக்கொண்டிருந்த, முன்னால் நிற்பவரின் பிடரி மச்சம் ஞாபகம் வந்தது. தாடையை முன்னால் தள்ளினார். நேற்று மருந்து வைத்த இடம் சுரீரென்றது. ஒரு 'ஸ்' விடாமல் அத்தனையையும் சீழ்க்கையடித்தார்.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுக்குப் பேர்தான் சுத்தம்."

தனிப்பாட்டு கிடைத்தது. கூடவே, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உச்சரிப்பு வகுப்பெடுக்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தது.

"அப்ப அந்த டாக்டரம்மா சொன்னது?" என்று கேட்டாள் மனைவி.

"அவங்க பல்லைப் பாக்கட்டும்," என்றார் நாலாமவர்.

சனிக்கிழமை காலை வகுப்புக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் அரை மணி நேரம் முயன்று பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"அந்தச் சீழ்க்கை எனக்கு வரவே மாட்டேங்குது சார். நாக்கை எங்க வைக்கணும்?"

நாலாமவர் கொஞ்சம் யோசித்தார்.

"நாக்கை விடுங்கம்மா. கீழ் வாய்க்குள்ள ஏதோ ஒண்ணு வலது பக்கமா எழும்பி வெளிய விழப் பாக்குதுன்னு வச்சுக்கங்க. நாலு பேர் முன்னாடி அது விழுந்துடக் கூடாது. உதட்டால அதைப் புடிச்சுக்கிட்டே பாடுங்க."

ஒன்பது பேருக்கும் முதல் தடவையிலேயே வந்துவிட்டது.