இசைவாணி கேட்ட கேள்வி

அண்ணா, எழுத்து அடித்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. போனில் பேசியே அனுப்புகிறேன். வேலை முடிந்து ரூமுக்குப் போனதும் கேள்.

இன்று கள்ளக்குறிச்சியில் குழந்தைகள் நலக் குழு முன்னால் எழில்மதி அக்காவுக்கும் மாயவன் மாமாவுக்கும் கடைசி விசாரணை. போலீஸ் சான்று, டாக்டர் சான்று என்று நாலு மாதம் அலைந்துவிட்டார்கள். வீடு பார்க்க வந்த அதிகாரியம்மா தண்ணீர்க் குடத்து மூடியைக்கூடத் தூக்கிப் பார்த்தாராம். எட்டு வயது இசைவாணியை வளர்க்கத் தருவார்களா என்பது மட்டும் பாக்கி. அவளுக்கு அப்பா இல்லை. அம்மா சென்னையில் ஆஸ்பத்திரியில். பிள்ளை குழந்தைகள் இல்லத்தில் இருந்தது. பதினோரு வருடமாகக் குழந்தையில்லாத அக்கா, இரண்டே முறை அவளைப் பார்த்துவிட்டுப் பாவாடை தைத்து வைத்துவிட்டாள்.

நான் திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்ததே இதற்குத்தான். நம் வெள்ளிமலையிலிருந்து பஸ் மலையிறங்குகிற வழியெல்லாம் அக்காவுக்குப் பாடம் நடத்தினேன்.

“இன்னா கேட்டாலும், ‘உசுரே போனாலும் இந்தப் பொண்ண யாருக்கும் குடுக்கமாட்டோம்’னு அழுத்திச் சொல்லுக்கா.”

“நீ இன்னா வக்கீலாடா? பனியன் மடிக்கிறவன்தான?” என்றார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை. உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள்.

குழுத் தலைவர் கோகிலவாணி மேடம் தாள்களைப் பார்த்து மூடினார். “எல்லாம் சரியா இருக்கு. இனிமே பாப்பாதான் சொல்லணும்.” நாற்காலியை விட்டு எழுந்து வந்து பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்தார். “இவங்க வீட்டுக்குப் போறியாம்மா? இஷ்டமில்லன்னா சொல்லலாம். யாரும் திட்டமாட்டோம்.”

கம்ப்யூட்டர் அடித்துக்கொண்டிருந்தவர்கூடக் கையை எடுத்துவிட்டார். அத்தனை பெரியவர்களும் ஒரு சின்னப் பிள்ளையின் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள். நம்மை யாராவது அப்படிக் கேட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறார்களா அண்ணா?

பிள்ளை அக்காவைத்தான் பார்த்தது.

“எங்கம்மா நல்லாயி வந்தா என்ன வுட்டுருவீங்களா?”

நான் சொல்லிக்கொடுத்தது அக்கா உதடு வரை வந்துவிட்டது. “உசுரே...” என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். தரையில் உட்கார்ந்தாள்.

“வுட்டுருவேன் பாப்பா. நானே இட்டுக்கினு போயி உங்கம்மா கையில புடிச்சிக் குடுப்பேன்.” மேடத்தை நிமிர்ந்து பார்த்தாள். “அதுவரிக்கும், மேடம் சரின்னு சொன்னா, மாசாமாசம் போயி பாத்துட்டு வருவோம்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

பிள்ளை யோசித்தது. “மலை பஸ்ஸுல வாந்தி வருமா?”

“எனக்கே வரும்,” என்றார் மாமா. “ஜன்னலாண்ட நீயே குந்திக்க.”

“அப்ப வரேன்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. அக்கா ஏறவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கூட்டிப் போனாள்.

“நல்லா பாத்துக்க. மெட்ராஸ் பஸ்ஸு இங்கதான் நிக்கும்.”

யாரும் கேட்கவில்லை. அவளாகவே காட்டினாள். நம் அக்காதானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன், அண்ணா.