வழிமொழிபவர் இடம் காலி

மேடையில் இருந்த பெண் சொன்னாள்: “இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத ஒரு வாக்கியத்த இந்த அட்டையில எழுதுங்க. நல்லா இருக்கணும்னு இல்ல. உண்மையா இருந்தா போதும்.” ஃபிலடெல்ஃபியாவின் அந்தப் பெரிய ஓட்டல் கூடத்தில் மாநாட்டுக்கு வந்திருந்த நானூறு யூதப் பெண்கள் ஒரே சமயத்தில் பேனா தேடிக் கைப்பையைக் கிளறிய சத்தம் மழை பிடித்தாற்போல் கேட்டது. மார்லீன் குப்பர்மனுக்குப் பேனா உடனே கிடைத்துவிட்டது. பதினேழு வருஷமாகத் தன் ஊர் யூத ஜெபாலயத்தின் செயலாளர். பேனா இல்லாமல் குளியலறைக்குக்கூடப் போகாதவள். எழுதத்தான் கை வரவில்லை. அட்டையை இடது கையால் மறைத்துக்கொண்டு, பரீட்சையில் காப்பியடிக்கும் பிள்ளை மாதிரிக் குனிந்து எழுதினாள்: ‘தேர்தலில் இர்வினை எதிர்த்து நிற்கப் போகிறேன்.’

“யாரு அந்த இர்வின்? பெரிய ரவுடியா?” என்று தோளுக்கு மேலிருந்து ஒரு குரல் கேட்டது. மான்ட்ரியாலிலிருந்து வந்திருந்த யயேல் டோலெடானோ, மார்லீனின் அறைத்தோழி. முந்தின நாள்தான் அறிமுகம். அதற்குள் மார்லீனின் சீப்பால் தலை வாரிக்கொள்ளும் அளவுக்கு உரிமை எடுத்துக்கொண்டுவிட்டாள்.

“என் புருஷன்.”

யயேல் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி தண்ணீர்க் குவளைக்குள் விழுந்தது. பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. “எழுந்திரு, எழுந்திரு. இத நம்ம மேசைக்காவது நீ சத்தமாப் படிச்சே ஆகணும்.”

மார்லீன் படித்தாள். கூட உட்கார்ந்திருந்த ஏழு பெண்களும் மேசையைத் தட்டினார்கள். அவளுக்குக் காது சிவந்தது. ஆனால் உள்ளுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்தது போலவும் இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள். ஆல்டூனாவில் இருபத்தாறு குடும்பங்கள் கொண்ட சின்ன ஜெபாலயம். இர்வின் பதினான்கு வருஷமாகத் தலைவர், ஒவ்வொரு முறையும் போட்டியே இல்லை. கெட்டவனில்லை, குழாய் உடைந்தால் முதலில் ஓடுகிறவன் அவன்தான். ஆனால் வாசலில் ஏழு கல் படிகள் இருக்கின்றன. முழங்கால் போன ஐந்து பேர் அந்தப் படிகளால் வீட்டோடு இருக்கிறார்கள். சரிவுப் பாதை கட்டலாம் என்று மார்லீன் ஒன்பது கூட்டங்களில் கேட்டுவிட்டாள். ஒன்பது முறையும் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்ற பதிலைத் தன் கையாலேயே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அந்தப் படிகளை வைத்தவர் இர்வினின் தாத்தா.

“மனு எப்பக் கொடுக்கணும்?” என்றாள் யயேல்.

“நாளைக்குச் சூரியன் மறையறதுக்குள்ள.”

“யார்கிட்ட?”

மார்லீன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். “தலைவர்கிட்ட.”

இந்த முறை எட்டுப் பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

இடைவேளையில் நடைபாதை ஓரத்து ஜன்னலருகே நின்று அவள் வீட்டுக்கு ஃபோன் செய்தாள். ஏழு பெண்களும் பத்தடி தள்ளித் தேன் கேக்கைச் சுற்றி நின்று, கேக்கையே பார்ப்பது போல நடித்தார்கள்.

“இர்வ், சாப்பிட்டியா?”

“முட்ட பொரிச்சேன். தீஞ்சிடுச்சு. என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“நான் தலைவர் பதவிக்கு நிக்கப் போறேன்.”

“எந்தத் தலைவருக்கு?”

“நம்ம ஜெபாலயத்துக்குத்தான். உன்ன எதிர்த்து.”

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“படிக்கட்டுக்காகவா?”

“படிக்கட்டுக்காகவும்.”

“அது எங்க தாத்தா வச்ச கல்லு, மார்லீன்.”

“ஜனங்க உள்ள வரணும்னுதானே வச்சாரு? ரூத் ஆபெல்சன் ரெண்டு வருஷமா கார்ல உக்காந்துக்கிட்டு ஜன்னல் வழியாப் பிரார்த்தனை கேக்குறா. உனக்குத் தெரியுமா தெரியாதா?”



“மனு எங்க?”

“சமையலறை டிராயர்ல. மெழுகுவத்தி டப்பாவுக்கு அடியில.”

“அந்த டிராயர நான் தெனம் திறக்கறேனே!”

“திறக்கறே. அடியில என்ன இருக்குன்னு என்னிக்குப் பாத்தே?”

டிராயர் இழுபடும் சத்தமும் காகிதச் சரசரப்பும் வந்தன. “முன்மொழிபவர் ரூத். வழிமொழிபவர் இடம் காலியா இருக்கு.”

“யாருமே போட மாட்டேங்கறாங்க. உன் மனசு நோகுமாம்.”

“சரி. வச்சிடறேன்” என்றான் இர்வின். வைத்தும்விட்டான்.

மார்லீன் திரும்பியபோது கேக்கைச் சுற்றி நின்றவர்கள் நடிப்பை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள். “கோவமா?” என்று யயேல் கேட்டாள். “தெரியல. நாப்பது வருஷத்துல அவன் இப்படிச் சுருக்கமாப் பேசினதே இல்ல” என்றாள் மார்லீன், ஃபோனையே பார்த்துக்கொண்டு. யயேல் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கேக்கில் பெரிய துண்டாக வெட்டி அவள் வாயிலேயே திணித்தாள். சாயங்காலம் இசைக்காரர்கள் வந்தார்கள், நாற்காலிகள் சுவரோரம் போயின. நானூறு பெண்கள் வட்டத்துக்குள் வட்டமாகக் கைகோர்த்து ஆடினார்கள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மார்லீனும் ஆடினாள். ஒரு கட்டத்தில் அந்த ஏழு பேரும் அவளை நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள். யூத வழக்கப்படி கல்யாணத்தன்று இப்படி நாற்காலியோடு தூக்கியபோது பயந்து கண்ணை மூடிக்கொண்டவள், இன்று திறந்தே வைத்திருந்தாள். மேலிருந்து பார்க்கையில் எத்தனை தலைகள், எத்தனை நரை, எவ்வளவு சத்தம்!

மறுநாள் ரயிலில் ஐந்து மணிநேரம். இர்வினிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஆல்டூனாவில் இறங்கியதும் தூணருகே அவனைப் பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டை, கையில் மடித்த காகிதம். முத்தம் கொடுக்காமல் காகிதத்தை நீட்டினான்.

வழிமொழிபவர்: இர்வின் குப்பர்மன்.

“யாரும் போடலேன்னா நான் போட்டின்னு ஒண்ணைப் பாக்காமலேயே செத்துருவேன். ஆனா நானும் நிக்கிறேன். விட்டுக் கொடுக்கறேன்னு நெனைச்சுடாதே” என்றான்.

“நெனைக்கல.”

“தோத்தா அழக்கூடாது.”

“அத நீ ஞாபகம் வச்சுக்கோ” என்று சொல்லி, அவன் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவித் தன் கையெழுத்தைப் போட்டு, காகிதத்தை அவனிடமே கொடுத்தாள். “தலைவரே, மனுவைப் பெற்றுக்கொள்ளவும்.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

காரில் வீட்டுக்குப் போகும் வழியில் மளிகைக்கடைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தது. லூ ஷிஃப்ரின், ஜெபாலயத்தின் மூத்த உறுப்பினர், இரண்டு கையாலும் ஒரு தர்பூசணியைக் கட்டிக்கொண்டு சாலையைக் கடந்தார். இர்வின் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினான். மார்லீனும் இறக்கினாள்.

“லூ! ஓட்டு எனக்குத்தானே?”

“லூ, அவன் பேச்சக் கேக்காதீங்க! எனக்குப் போடுங்க!”

பாதிச் சாலையில், காருக்கு நேர் முன்னால் லூ நின்றுவிட்டார். தர்பூசணியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இந்த ஜன்னலைப் பார்த்தார், அந்த ஜன்னலைப் பார்த்தார், மறுபடி இந்த ஜன்னலைப் பார்த்தார். விளக்கு பச்சையானது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. இரண்டு ஜன்னல்களிலிருந்தும் இரண்டு நரைத்த தலைகள் நீட்டிக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தன.