வாயைச் சுடாத டீ

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் பண்டமாரானில் வாந்திபேதி பரவி, சாப்பாட்டுக் கடைகளையெல்லாம் மூடச் சொன்னபோது, ஜுபைதாவுக்கு நோயைவிட ஊர் வாயின் மேல்தான் ஆத்திரம் அதிகம். லோரி ஓட்டும் சின்னையா ஆஸ்பத்திரியில் கிடந்தான். கடைசியாக அவன் கைநனைத்தது ஜுபைதா கடையில் என்று யாரோ கிளப்பிவிட, கம்பத்தில் வீட்டுக்கு வீடு அதே பேச்சு. புருஷன் இறந்தபின் ஒற்றை ஆளாக நின்று அவள் நடத்திய கடை அது. பேர் கெட்டுவிட்டால் அப்புறம் கடை எதற்கு என்பதுதான் அவள் கவலை.

அவள் டீக்குத் துறைமுகத்து லோரிக்காரர்களிடம் தனி மவுசு உண்டு. சூடாகத்தான் இருக்கும், ஆனால் வாயைச் சுடாது. எஞ்சினை அணைக்காமலே இறங்கி, ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஓடலாம். மற்ற கடைகளில் ஊதி ஊதிக் குடிப்பதற்குள் துறைமுகத்து வரிசை நீண்டுவிடும்.

ஒருவழியாகச் சுகாதார ஆபீஸ் தடையை எடுத்தது. என்றைக்குத் திறப்பது என்பதைக் கடைக்காரர்களே கூடிப் பேசிக்கொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டது. பெஞ்சு நிறைய இருந்ததால் கூட்டம் ஜுபைதா கடையிலேயே கூடியது. கடைக்காரர் சங்கத் தலைவர் ரெங்கசாமி நடுவில் உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரரான கிளினிக் நர்ஸ் தங்கரத்தினத்தையும் அழைத்திருந்தார்கள். அவரை ஊரே மிஸி என்றுதான் கூப்பிடும்.

"நாளைக்கே திறந்துடணும் லா," என்றாள் ஜுபைதா. "இன்னும் மூடியே வச்சிருந்தா, தப்பு பண்ணிட்டுப் பதுங்குற மாதிரி ஆயிடும்."

"ஒரு கிழமை பொறுங்கோ," என்றார் மிஸி. "எங்கையிருந்து வந்தது எண்டே இன்னும் தெரியேல்லை."

ஜுபைதா விடுவாளா? மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவர்களுக்குப் பொறுமை சுலபம் என்று குத்தினாள். மிஸியும் லேசுப்பட்டவர் இல்லை. வார்டில் ஒரு ராத்திரி வந்து வாளி தூக்கிப் பார்த்தால் இந்த அவசரம் போய்விடும் என்று திருப்பிக் கொடுத்தார். பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஜுபைதா பக்கம்தான் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் அடுப்பு அணைந்துதானே கிடந்தது.

பேச்சை முடித்துவிடலாம் என்று ஜுபைதா எழுந்தாள். என் கடைத் தண்ணீர் எப்படிக் கொதிக்கிறது என்று மிஸியே பார்க்கட்டும் என்று அடுப்பை மூட்டினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கிளாஸ்களையும் அந்த வெந்நீரிலேயே அலசினாள். மிஸியால் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. ஜுபைதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. டீயை உயரத் தூக்கி ஆற்றி, முதல் கிளாஸைத் தலைவருக்கென்று எடுத்தாள்.

அவள் வலது கை தன்பாட்டுக்குப் பக்கத்துப் பீப்பாயில் குவளையை விட்டு, கிணற்றுத் தண்ணீரை மொண்டு, டீயில் ஒரு வாய் விளாவியது.

யாரும் எதுவும் கேட்கவில்லை. மிஸிகூடக் கவனிக்கவில்லை. எந்தக் கடையிலும் வழக்கமாக நடப்பதுதான். ரெங்கசாமி கிளாஸுக்குக் கை நீட்டினார். ஜுபைதா மட்டும் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீட்டிய கிளாஸைப் பின்னுக்கு இழுத்து, டீயை அப்படியே சாக்கடையில் கொட்டினாள்.

"நாளைக்கு வேணாம். மிஸி சொன்ன மாதிரி ஒரு வாரம் போகட்டும்," என்றாள். "சின்னையாவுக்கு என் டீயிலதான் வந்திருக்கும். கொதிக்க வச்ச தண்ணியில நானே பச்சத் தண்ணிய ஊத்துறேன்."

ரெங்கசாமி பதறிப்போனார். "என்னம்மா நீ, எல்லாக் கடையிலயும் அப்படித்தானே ஊத்துறோம்?"

"அதனாலதாண்ணே சொல்றேன்."

மிஸி வெற்றிச் சிரிப்பு எதுவும் சிரிக்கவில்லை. ஒரு சுத்தமான போத்தலைக் கேட்டு வாங்கி, பீப்பாய்த் தண்ணீரை நிரப்பி எடுத்துக்கொண்டு போனார்.

சோதித்துப் பார்த்ததில் சந்தேகம் சரியாகத்தான் இருந்தது. ஆபீஸ்காரர்கள் வந்து கிணற்றை மூடினார்கள். ஒரு வாரம் கழித்து எல்லாக் கடைகளும் ஒன்றாகத் திறந்தன. ஜுபைதா யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள். சிலர் அடுத்த கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று நிமிர்ந்தே நின்றாள். ஆனாலும் ஒவ்வொரு லோரிச் சத்தத்துக்கும் அவள் கண் ரோட்டுக்குப் போனது.

ஒருநாள் சின்னையா வந்தான். பாதி ஆளாகியிருந்தான். எஞ்சின் வெளியே உறுமிக்கொண்டிருந்தது. வழக்கம்போல நின்றபடியே டீ கேட்டான். அவள் ஆவி பறக்கும் கிளாஸை அவன் முன் வைத்தாள்.

"உன்னப் படுக்க வச்சது என் டீதான் தம்பி," என்றாள். "இனிமே பச்சத் தண்ணி ஊத்தித் தர மாட்டேன். ஆறுனப்புறம்தான் குடிக்கணும்."

சின்னையா கிளாஸைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். திரும்பி வெளியே நடந்தான். கிளாஸை எடுத்துவிடலாம் என்று ஜுபைதா கையை நீட்டினாள்.

வெளியே எஞ்சின் நின்றது. சின்னையா திரும்பி வந்து, பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.