கொதிகலன்காரர் கேட்ட கேள்வி

1

சபைப் பத்திரிகைக்கு ‘கிறிஸ்தவனும் தொழிற்சங்கமும்’ என்று ஒரு கட்டுரை கேட்டார் போதகர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சரி என்றுவிட்டேன். முதல் வரி இப்படிப் போயிற்று: “உழைப்பைத் தந்தவரே ஓய்வையும் தந்ததால், சங்கம் என்பது...” [இதற்கு மேல் எனக்கே கொட்டாவி வந்தது.]

கட்டுரையைக் கெடுத்தவர் என் அண்ணி. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் நீராவிச் சலவைக்கூடத்தில் அவர் சங்கச் செயலாளர். அங்கே நடந்ததை அவர் ஒருநாள் சொன்னார். அதன்பிறகு கட்டுரை ஓடவில்லை, இது வந்தது.

2

சலவைக்கூடத்தில் பேச்சு எடுபடாது, அவ்வளவு இரைச்சல். ஈர விரிப்பை இரண்டு பேர் சூடான உருளைக்குள் கொடுப்பார்கள், மறுபக்கம் இரண்டு பேர் வாங்கி மடிப்பார்கள். விரல் சிக்கப்போனால் கத்திப் பயனில்லை. அதனால் ஒரு வழக்கம் உண்டு. யார் கை தூக்கினாலும், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நிற்கும் கொதிகலன்காரர் நீராவியை அடைத்து எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிடுவார். காரணத்தைப் பிறகுதான் கேட்பார்.

(நேற்றுச் சேர்ந்தவர் தூக்கினாலும் நிறுத்துவார். இதைவிட நல்ல இறையியல் என் கட்டுரையில் இல்லை.)

3

ஞாயிறு விடுமுறைக்காகச் சங்கம் பல வருடங்களாக முட்டி மோதியது. கடைசியில் முதலாளி இறங்கிவந்தார்: பழைய ஆட்களுக்கு ஞாயிறு விடுமுறை, புதிதாக ஒப்பந்தத்தில் வந்தவர்கள் அன்றைக்குக் கூடத்தை ஓட்ட வேண்டும்.

அண்ணியின் மகள் ஆலயப் பாடகர் குழுவில் பாடுகிறாள். ஞாயிறும் வேலை என்பதால் அண்ணி அதை ஆலயத்தில் உட்கார்ந்து ஒருமுறைகூடக் கேட்டதில்லை. [மகளின் குரலை வர்ணித்து ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அண்ணி கேட்காததை நீங்கள் மட்டும் கேட்பது நியாயமில்லை.]

ஜெபம் கேட்கப்பட்டது என்று போதகர் மனதார மகிழ்ந்தார். அண்ணிக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஓய்வுநாளில் வேலை கூடாது என்ற வேதாகமக் கட்டளை வேலைக்காரியையும் வெளியாளையும்கூடச் சேர்த்துத்தான் பேசுகிறது. சிறுவயதில் மனப்பாடம் செய்த அந்தப் பகுதி அன்றுமுதல் அவரைத் தூங்கவிடவில்லை.

4

உள்ளே இரைச்சல் என்பதால், பேச்சுவார்த்தையெல்லாம் வாசலிலேயே முடிந்துவிட்டது. ஆட்கள் முறை மாறும் நேரத்தில், ஓடிக்கொண்டிருந்த உருளைகளுக்குப் பக்கத்தில் வாக்கெடுப்பு. இந்த ஏற்பாடு வேண்டாம் என்பவர்கள் கை தூக்க வேண்டும். எந்தக் கூடத்தில் நின்றுகொண்டு கை தூக்கச் சொல்கிறோம் என்பது சங்கத் தலைவருக்கு உறைக்கவில்லை. புதியவர்களுக்கு வாக்கு கிடையாது, சுவரோரம் நின்றார்கள்.

இந்த இடத்தில் என் பாத்திரத்தை நானே நம்பவில்லை. இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி வேண்டாம் என்று... அண்ணியிடமே கேட்டேன்.

“கை ஒண்ணும் தானா போகல,” என்றார். “எம்பொண்ணையே தூக்குற மாதிரி கனத்துச்சு. அப்படியேதான் தூக்கினேன்.”

ஒரே ஒரு கை. கொதிகலன்காரர் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தார். நீராவியை அடைத்தார்.

உருளைகள் மெல்ல ஓய்ந்தன. எங்கோ தண்ணீர் சொட்டுவது கேட்டது. ஒருவர் மூச்சு இன்னொருவருக்குக் கேட்டது. இவ்வளவு பெரிய கூடம் ஒரு கைக்குக் கட்டுப்படும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்றுதான் அதை நம்பினார்கள்.

“கோயில்லகூட அப்படி ஒரு அமைதிய நான் பாத்ததில்ல,” என்றார் அண்ணி. “பக்கத்துல யாரோ வந்து நின்ன மாதிரி இருந்துச்சு.”

எழுதும்போது அழகாக ஏதாவது சேர்க்கலாம் என்று பார்த்தேன், பேனா ஓடவில்லை.

அப்போது கொதிகலன்காரர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

“யாருக்கு அடிபட்டுச்சு?”

யாருக்கும் இல்லை என்று சொல்லப் பலர் வாய் திறந்தார்கள். அதற்குள் அண்ணியின் பார்வை சுவரோரம் போயிற்று. எல்லாருடைய பார்வையும் அங்கே போயிற்று.

5

முடிவு ஒன்று: கைகள் ஒவ்வொன்றாக உயர்கின்றன, முதலாளி மாடியிலிருந்து ஓடிவருகிறார்... [கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.]

முடிவு இரண்டு: அண்ணியின் கை மட்டும் நிற்கிறது, நீராவி திரும்ப... [பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுவீர்கள்.]

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். போதகரும் கோபித்துக்கொள்ளட்டும்.

நீங்களும் அங்கே பழைய ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ வருடம் கேட்ட ஞாயிறு உங்கள் கைக்கு வந்துவிட்டது. கூடம் இன்னும் அமைதியாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்த கொதிகலன்காரர் உங்கள் முன்னால் நின்று, அதையே மறுபடியும் கேட்கிறார்.