இரண்டு சுண்டு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தையற்காரியின் மகளைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் அந்தப் பெண் தூண்டில் நரம்பின் மறுமுனையிலிருந்து வீட்டாரோடு பேசிக்கொண்டிருந்தாள். அன்று குடும்பமே சாப்பாட்டு அடுக்கும் பழைய பாயுமாகக் கரையிலிருந்து மீன் பிடிக்கப் போயிருந்தது. தையற்காரியின் கணவர் கொதிகலன் பட்டறையில் இருபது வருஷம் சம்மட்டி அடித்ததில் காது இரண்டும் டமாரச் செவிடாகிப் போனவர். அலைச் சத்தத்தில் அவரிடம் கத்தித் தொண்டையைக் கிழித்துக்கொள்வதைவிட நரம்பைச் சுண்டிப் பேசுவது அந்த வீட்டு வழக்கம். ஒரு சுண்டு என்றால் மீன் மாட்டிவிட்டது, இரண்டு என்றால் தளர்த்து, மூன்று என்றால் இழு. முள் பாறையில் சிக்கினால் யாராவது ஒருவர் இடுப்பில் நரம்பைக் கட்டிக்கொண்டு இறங்கி விடுவித்து வருவதும் வழக்கம்தான். அன்று பதினேழு வயது மகள் இறங்கினாள். அப்பா முடிச்சுப் போட்டார். அம்மா நரம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பாறை உச்சியில் நின்று மகள் இரண்டு முறை சுண்டினாள். தையற்காரி இழுத்தாள். நூல் தளர்ந்தால் தையல் கோணிவிடும் என்று அத்தனை வருஷம் மிஷினில் பழகிய கை அது. தலை கேட்பதற்குள் விரல் இழுத்துவிட்டது. பெண் சறுக்கினாள், அதே நேரம் பார்த்து ஒரு பெரிய அலையும் வந்தது. நரம்பு அறுந்து போகவில்லை, இழுத்தால் வரவும் இல்லை. முத்துக் குளிக்கிறவர்கள் இருவர் அதைப் பிடித்தபடி மூச்சு முட்டும்வரை போய்ப் பார்த்துவிட்டு, இன்னும் போகிறது என்று மட்டும் சொன்னார்கள். சாயங்காலம் நரம்பு சுண்டியது. மகள் உயிரோடிருப்பது தெரிந்ததும் அப்பா மணலில் உட்கார்ந்து அழுதார். தன் முடிச்சுதான் நழுவி இடுப்பில் ஏடாகூடமாக இறுகிவிட்டது என்று அவராகவே முடிவுகட்டி, இனி அந்த நரம்பைத் தொடுவதில்லை என்று சபதமும் செய்தார். தையற்காரி இல்லை என்று சொல்லவில்லை. என்ன சொல்கிறாள் குழந்தை என்று கேட்டவர்களிடமெல்லாம், மூன்று சுண்டுகிறாள், இழுக்கச் சொல்கிறாள் என்றாள்.

பதினொரு நாள் கரையிலேயே ஒற்றைக்காலில் நின்றாள். பிறகு தைக்கவேண்டிய சீருடைகள் மலையாகக் குவிந்ததால், நரம்போடு நரம்பை முடிந்து முடிந்து இரண்டு தெரு தாண்டி வீட்டுக்கே கொண்டுவந்து, ஜன்னல் வழியாக உள்ளே எடுத்து, மிஷின் காலில் கட்டிவிட்டு ஒரு கையை அதன்மேல் வைத்தபடி தைத்தாள். நகராட்சி முதலில் நோட்டீஸ் ஒட்டியது, பிறகு யாருக்கும் கழுத்து அறுபடாமல் இருக்க இடைக்கிடையே சிவப்புத் துணி கட்டிவிட்டது. பேருந்தில் நடத்துநராக இருந்த மூத்த மகன், நரம்பு தெருவைக் கடக்கும் வளைவுக்கு வண்டி வந்ததும் இறங்கி, கவைக்கோலால் நரம்பை உயர்த்திப் பிடிப்பான். வண்டி கீழே நுழைந்து போகும். நேரமாகிறது என்று முணுமுணுத்த பயணிகள் இரண்டாம் வருஷம் அதையும் விட்டுவிட்டார்கள்.

தையற்காரி விடாமல் இழுத்தாள். நாளைக்கு நூறு தடவை இழுத்தாள். நரம்பு ஒரு சாண் வரும், பிறகு இரண்டு சாண் போகும். விரலில் வெட்டு விழுந்து ஆறாமல் அதன்மேலேயே வெட்டு விழுந்தது. மறுமுனையிலிருந்து இரண்டு சுண்டு வரும்போதெல்லாம் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். தளர்த்தினால் அந்தப் பக்கம் யாருமில்லை என்று ஆகிவிடுமோ என்ற பயம், ஊருக்குச் சொல்லிவைத்திருந்த பொய், எதிரே உட்கார்ந்து வருஷக்கணக்காகக் கயிற்றுத் துண்டில் முடிச்சுப் போட்டுப் போட்டு அவிழ்த்துப் பார்க்கும் புருஷன். செத்துவிடலாம் போலிருந்தது. செத்தால் நரம்பை யார் பிடிப்பது என்று உயிரோடிருந்தாள்.

ஒன்பதாம் வருஷம் விரல் புரையோடி, காய்ச்சல் கொதித்து, ஒரு நாள் காலையில் மிஷின்மேலேயே சாய்ந்துவிட்டாள். வைத்தியர் கைக்குக் கட்டுப் போட்டார். வேறு வழியில்லாமல் அப்பா சபதத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு நரம்பைப் பிடித்தார். உலகத்தில் வேறெதுவும் கேட்காத அந்த மனிதருக்கு அது சட்டென்று கேட்டது. வெகுநேரம் பிடித்தபடியே இருந்தார்.

"ரெண்டுதான் சுண்டுறா," என்றார். "தளர்த்தச் சொல்றா. இத்தனை வருஷமா இதையேவா சொல்லிட்டிருந்தா?"

வாசலில் நின்ற மூத்தவன் தலையைக் குனிந்துகொண்டான். கவைக்கோலில் அதிர்வதை அவனும் முதல் வருஷத்திலிருந்தே அறிவான். அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. தையற்காரி எழுந்து உட்கார்ந்து, புருஷனுக்குப் புரியும்படி உதட்டை அசைத்து மெதுவாகச் சொன்னாள்.

"உங்க முடிச்சு நழுவலைங்க. அன்னிக்கும் ரெண்டுதான் சுண்டினா. நான்தான் இழுத்துட்டேன்."

அவர் அவளை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. மடியிலிருந்த கயிற்றுத் துண்டை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வீசினார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் சாப்பாட்டு அடுக்கும் அதே பாயுமாகக் கரைக்குப் போனார்கள். தையற்காரி கட்டுப்போட்ட கையாலேயே நரம்பைத் தளர்த்தினாள். அது பள்ளி விட்ட பிள்ளை மாதிரி ஓடியது. தெருவில் கிடந்த நீளமெல்லாம் சிவப்புத் துணிகளோடு கடலுக்குள் போயிற்று. மூத்தவன் கடைகடையாய் ஓடி ஊரிலிருந்த நரம்புச் சுருளையெல்லாம் வாங்கிவந்தான். அப்பா முடிச்சுப் போட்டார், அவள் விட்டாள். மதியத்துக்குள் நரம்பு தீர்ந்துபோய்த் தையல் நூலை நாலு புரியாகத் திரித்துக் கொடுத்தார்கள். மூன்று மணிக்குக் கடைசி நூல்கண்டும் தீர்ந்து வெறும் முனைதான் அவள் கையில் இருந்தது. அப்போது ஓட்டம் நின்றது. நூல் துவண்டு தண்ணீரில் படுத்துக்கொண்டது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக மறுமுனையில் ஒன்றுமே இல்லை. தையற்காரி வாய்விட்டு அழுதாள். அப்பாவும் முனையைப் பற்றிக்கொண்டார். இருட்ட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது சுண்டியது. ஒரே ஒரு சுண்டு. அவர்கள் காத்திருந்தார்கள், இரண்டாவது வரவில்லை.

மூவருமாகச் சேர்ந்து வலித்தார்கள், கனமே இல்லாமல் வந்தது. முனையில் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் துள்ளியது. அதன் வாயில் முள் இல்லை. நரம்பு வாலில் கட்டியிருந்தது. அப்பா அந்த முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் சொல்லிக் கொடுத்ததுதான், ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறாள் என்றார். அதன்பின் ஞாயிறுதோறும் நரம்பைத் தளர்வாக விட்டுவிட்டுக் கரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். மழைக்காலத்தில் சிறிய மீனாக வரும், மற்றபடி மூன்று பேருக்குப் போதுமானதாக இருந்தது.